மடிக்கணினிக்குள் ஒரு 5ஜி கோர்: வீட்டில் செய்து பார்த்த முறை

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, சிக்னல் கோடு எல்லாம் முழுசா இருக்கு, வாட்சாப் மட்டும் போகமாட்டேங்குதே?" அப்படிப்பட்ட கூட்டத்தில் பெரும்பாலும் திணறுவது கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே உள்ள அலைவரிசைதான். ஆனால் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மையம் இருக்கிறது, அதைத்தான் கோர் என்பார்கள். ஆள் கூடக் கூட அதுவும் விரிய வேண்டும். முன்பெல்லாம் விரிவது என்றால் இன்னொரு பெட்டியை வாங்கி வந்து அடுக்கில் மாட்டுவது. இப்போது அந்தப் பெட்டி ஒரு மென்பொருள். சாதாரண சர்வரில் இன்னொரு பிரதியை எழுப்பினால் போதும். "அதை நம்ம வீட்டுல செஞ்சு பார்க்க முடியுமா மாமா?" என்றான். முடியும். பட்டர்வொர்த் வீட்டில் மூன்று வாரக் கடைசிகள் உட்கார்ந்து செய்துவிட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரலாறு சுருக்கமாக: தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 13 சேர்ந்து 2012 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டன. வேலைக்கொரு தனிப் பெட்டி என்ற முறையை விட்டு, எல்லாவற்றையும் பொதுவான சர்வரில் மென்பொருளாக ஓட்டுவோம் என்பது அதன் சாரம். இதற்குத்தான் மெய்நிகராக்கம் என்று பெயர். 5ஜி கோர் அதற்குப் பிறகு வந்ததால், தொடக்கத்திலிருந்தே சிறு சிறு சேவைகளாகப் பிரித்து வடிவமைக்கப்பட்டது. நமக்கு மூன்று பெயர் தெரிந்தால் போதும். கைப்பேசியைப் பதிவு செய்வது ஏஎம்எஃப். இணைப்பை ஏற்பாடு செய்வது எஸ்எம்எஃப். நம் படமும் பாட்டும் உண்மையில் கடந்து போகும் வழி யுபிஎஃப்.

தேவையானவை: 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை மென்பொருளாக ஓட்டுவது), அவற்றில் நிறுவ உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். சிம் அட்டையோ ஆன்டெனாவோ வேண்டாம். கோபுரமும் கைப்பேசியும்கூட மென்பொருள்தான், காற்றில் எதுவும் போகாது, அதனால் உரிமம் பற்றிய கவலையும் இல்லை. டாக்கரில் (தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதிகளை ஓட்டும் கருவி) ஒரே கட்டளையில் எல்லாம் எழுந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். முதல் தடவை அந்தப் பக்கம் போகாதீர்கள். எந்த முகவரி எங்கே இருக்கிறது என்பதைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

படி 1. இரண்டு மெய்நிகர் கணினிகள். கோருக்கு 4 ஜிபி, கோபுரமும் கைப்பேசியும் ஓடுவதற்கு 2 ஜிபி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வலை அட்டைகள்: இணையத்துக்கு நாட், தங்களுக்குள் பேசிக்கொள்ள ஹோஸ்ட்-ஒன்லி. இரண்டாவது அட்டையில் முகவரியை நீங்களே நிலையாகக் கொடுத்துவிடுங்கள். நான் கோருக்கு 192.168.56.10, மற்றதற்கு 192.168.56.11 வைத்தேன்.

படி 2. முதல் கணினியில் மோங்கோடிபி (சந்தாதாரர் விவரங்களை வைக்கும் தரவுத்தளம்), அப்புறம் ஓப்பன்5ஜிஎஸ் (இதுதான் கோர்), அதன் வலைப்பக்கம். இரண்டாவதில் யுஇரான்சிம், கோபுரமும் கைப்பேசியும் போல நடிக்கும் மென்பொருள். நிறுவும் கட்டளைகள் அந்தந்தத் திட்டத்தின் பக்கத்திலேயே தெளிவாக இருக்கின்றன, அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

படி 3. கோரின் வலைப்பக்கம் 9999 போர்ட்டில் இருக்கும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் 1423. உள்ளே போய் ஒரு சந்தாதாரரைச் சேர்க்க வேண்டும். யுஇரான்சிம் கைப்பேசிக் கோப்பில் இருக்கும் எண்ணையும் ரகசியச் சாவிகளையும் ஓர் எழுத்து பிசகாமல் இங்கே கொடுங்கள். அந்த எண் 99970 என்று தொடங்கும், 999 என்பது தனியார் வலைகளின் உள் பயன்பாட்டுக்கான குறி. மலேசியாவின் 502-ஐப் போட வேண்டாம், இயல்பாக இருப்பதை அப்படியே விடுங்கள்.

படி 4. இங்கேதான் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஓப்பன்5ஜிஎஸ் நிறுவியவுடன் அதன் சேவைகள் எல்லாம் 127 என்று தொடங்கும் உள் முகவரிகளில் இருக்கும். எல்லாமே ஒரே கணினியில் இருந்தால் அது சரி. நம் கோபுரம் வேறு கணினியில் இருக்கிறது. அதனால் ஏஎம்எஃப் கோப்பைத் திறந்து, என்ஜிஏபி என்ற பகுதியில் (கோபுரம் ஏஎம்எஃப்-உடன் பேசும் வழி) 127.0.0.5 இருந்த இடத்தில் 192.168.56.10 போட்டேன். யுஇரான்சிமின் கோபுரக் கோப்பில் ஏஎம்எஃப் முகவரியாக அதையே கொடுத்து, கோபுரத்தின் சொந்த முகவரிகளை 192.168.56.11 ஆக்கினேன். கோபுரம் இணைந்தது. கைப்பேசியை ஓட்டினேன், அதுவும் பதிவானது. 10.45.0.2 என்று ஐபிகூடக் கிடைத்தது. மருமகன் கைதட்டினான்.

ஆனால் இணைப்பைச் சோதிக்கப் பிங் போட்டால் ஒரு பதிலும் இல்லை.

ஃபயர்வால், நாட், ரவுட்டிங் என்று எல்லாவற்றையும் நோண்டினோம். ராத்திரிதான், வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்க்கத் தோன்றியது. கோரின் ஹோஸ்ட்-ஒன்லி அட்டையில் யுடிபி 2152 போர்ட்டைக் கவனித்தால், ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. கைப்பேசியின் தரவு கோபுரத்திலிருந்து கோருக்கு வரும் வழி அந்தப் போர்ட்தான். அப்படியானால் கோபுரம் அதை எங்கே அனுப்புகிறது?

யுபிஎஃப் கோப்பில், தரவு வந்து சேரும் முகவரியைச் சொல்லும் ஜிடிபியு பகுதி இன்னும் 127.0.0.7 என்றே இருந்தது. இணைப்பு ஏற்பாடாகும்போது "தரவை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று கோர் கோபுரத்துக்குச் சொல்லும். அது 127.0.0.7 என்று சொல்ல, கோபுரம் தன் கணினிக்குள்ளேயே அந்த முகவரியைத் தேடியிருக்கிறது. பதிவு ஒரு வழி, தரவு வேறு வழி என்று படித்தது கண் முன்னால் நின்றது. ஏஎம்எஃப் வழி சரியாக இருந்ததால் பதிவு நடந்தது, யுபிஎஃப் வழி தவறாக இருந்ததால் பிங் நின்றது.

அந்த ஜிடிபியு வரியை 192.168.56.10 ஆக்கி யுபிஎஃப் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒரு விஷயம் கவனம்: அதே கோப்பில் பிஎஃப்சிபி பகுதியிலும் 127.0.0.7 இருக்கும். அதைத் தொடாதீர்கள். எஸ்எம்எஃப் அந்த முகவரியில்தான் யுபிஎஃப்-உடன் பேசுகிறது, இரண்டும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. ஏஎம்எஃப் கோப்பிலும் எஸ்பிஐ பகுதியை (கோரின் சேவைகள் தங்களுக்குள் பேசும் வழி) அப்படியே விட்டுவிடுங்கள். இவை யாமல் கோப்புகள், வரியின் தொடக்க இடைவெளியே அர்த்தம் தருவது என்பதால் டாப் விசையை அழுத்தாமல் இடைவெளி விசையையே பயன்படுத்துங்கள்.

படி 5. கோர் கணினியில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்த பாக்கெட்டை வெளியே கடத்துவது) இயக்கி, 10.45.0.0/16-க்கு மாஸ்கரேட் விதி (கைப்பேசியின் முகவரிக்குப் பதிலாகக் கோர் கணினியின் முகவரியில் வெளியே அனுப்புவது) ஒன்றைச் சேருங்கள். கைப்பேசி நிரலை சுடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கைப்பேசியின் தரவு போகும் மெய்நிகர் வலை அட்டையான சுரங்க அட்டை உருவாகாது. அந்த அட்டை வழியாக 8.8.8.8-க்குப் பிங் போட்டால் பதில் வரவேண்டும்.

வந்துவிட்டதா? பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஃப் சேவையை மட்டும் நிறுத்துங்கள். பிங் நிற்கும், ஏஎம்எஃப் பதிவுக்கோப்பு எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்கும். மெய்நிகராக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வேலைகள் பிரிந்திருப்பதால், கூட்டம் கூடும் இடத்தில் யுபிஎஃப்-ஐ மட்டும் பெருக்கலாம், அதைக் கோபுரத்துக்கு அருகிலேயே வைக்கவும் செய்யலாம். பிறகு சேவையை மீண்டும் எழுப்பி, கைப்பேசி நிரலைப் புதிதாக ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: மோங்கோடிபி எழுந்த உடனே செத்துவிடுகிறது என்று பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். பதிப்பு 5-லிருந்து மோங்கோடிபிக்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிபியு வேண்டும். அவருடைய மடிக்கணினியில் அது இருந்தும், விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்ததால் மெய்நிகர் கணினிக்குள் தெரியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் கீழ் மூலையில் ஆமைப் படம் தெரிந்தால் இதுதான் காரணம். ஹைப்பர்-வியையும், விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பான மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்தபின் அவருக்குச் சரியானது.

பின்சேர்க்கை 2: "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை அண்ணே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கணினியை அணைத்துப் போட்டால் படி 5-இல் செய்த இரண்டு அமைப்புகளும் போய்விடும். நிரந்தரமாகச் சேமியுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் அந்தப் படியை மறுபடி செய்யுங்கள்.

மருமகன் இப்போது மூன்றாவது மெய்நிகர் கணினியில் இன்னொரு யுபிஎஃப் வைத்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை பிஎஃப்சிபி முகவரியையும் மாற்றியாக வேண்டும், எஸ்எம்எஃப் வேறு கணினியில் இருக்கிறதே. நான் சொல்வதற்கு முன்பே அவன் அந்த வரியைத் திறந்து வைத்திருந்தான்.