கிட்ஹப்பில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் இறக்குவது எப்படி?

பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளில் பலர் மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கம் பி.ஜி.யில் தங்கி, போன் ஹாட்ஸ்பாட்டை வைத்தே கோடிங் படிக்கிறார்கள். கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து, நாலு ஃபைலுக்காக முழு ரெபோவையும் (ஒரு ப்ராஜெக்டின் எல்லா ஃபைல்களும் உள்ள தொகுப்பு) இறக்கினால் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்டின் ‘வெப் டெவ் ஃபார் பிகினர்ஸ்’ ரெபோவை எடுத்துக்கொள்வோம். 24 பாடங்கள், போதாததற்குப் பல மொழிபெயர்ப்புகள். நமக்கு வேண்டியது ‘3-டெரேரியம்’ ஃபோல்டர் மட்டும் (கண்ணாடி ஜாடிக்குள் செடிகள் இருப்பதுபோல ஒரு வெப் பக்கம் செய்யும் பாடங்கள்). பச்சை ‘கோட்’ பட்டனில் உள்ள ‘டவுன்லோட் ஜிப்’பை அழுத்தினால் எல்லாமே வந்து இறங்கும். அதைத் தொட வேண்டாம்.

முதலில் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். இதைத் தவற விடாதீர்கள். டெஸ்க்டாப்பையோ டவுன்லோட்ஸையோ நேரடியாகக் காட்டினால் குரோம் அனுமதிக்காது. அதற்குள் இருக்கும் ஃபோல்டர் என்றால் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம் குரோமிலோ எட்ஜிலோ கிட்ஹப்பில் லாகின் செய்து, அந்த ரெபோவைத் திறந்து, கீபோர்டில் புள்ளி கீயை அழுத்துங்கள். பக்கம் அப்படியே கோடு எழுதப் பயன்படும் வி.எஸ். கோட் எடிட்டராக மாறும். மாறவில்லையென்றால் முகவரியில் ‘கிட்ஹப் டாட் காம்’ என்பதை ‘கிட்ஹப் டாட் டெவ்’ என்று மாற்றி என்டர் தட்டுங்கள்.

இடப்பக்கப் பட்டியலில் ‘3-டெரேரியம்’ மீது ரைட் க்ளிக் செய்து ‘டவுன்லோட்’ கொடுங்கள். எங்கே வைப்பது என்று கேட்கும்போது புது ஃபோல்டரைக் காட்டி, அனுமதி கேட்டால் சரி என்று சொல்லுங்கள். ஃபைல்கள் ஜிப் இல்லாமல், அதே பெயருள்ள ஃபோல்டரில் வந்து சேரும். பயர்பாக்ஸில் இந்த வழி சரிவராது.

உள்ளே முதல் பாடத்தின் ஃபோல்டர் மட்டும் போதுமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். செடிகளின் படங்கள் பக்கத்திலிருக்கும் ‘சொல்யூஷன்’ ஃபோல்டரில்தான் இருக்கின்றன. எந்த ரெபோவானாலும், எடுக்கும் ஃபோல்டர் வெளியே உள்ள எதையாவது நம்பியிருக்கிறதா என்று, அதிலுள்ள விளக்கக் குறிப்பான ரீட்மீ ஃபைலைப் படித்துவிடுங்கள்.

இணையத்தில் தேடினால், ஒரு ஃபோல்டரை மட்டும் இறக்க எஸ்.வி.என். என்ற பழைய மென்பொருளின் கட்டளையைச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய வரும். 2024 ஜனவரி 8-ஆம் தேதியோடு கிட்ஹப் அந்த வசதியை நிறுத்திவிட்டது. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

அந்த ஃபோல்டரில் பின்னால் வரும் மாற்றங்களும் வேண்டுமென்றால், கம்ப்யூட்டரில் நிறுவிப் பயன்படுத்தும் ‘கிட்’ மென்பொருள்தான் சரியான வழி. 2022-இல் வந்த 2.37 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ரெபோவின் முகவரியோடு ‘கிட் க்ளோன்’ கொடுக்கும்போது ‘ஃபில்டர்’ ஆப்ஷனுக்கு ‘ப்ளாப்:நன்’ என்ற மதிப்பும், கூடவே ‘ஸ்பார்ஸ்’ ஆப்ஷனும் சேருங்கள். முதலில் ரெபோவின் மேல்மட்ட ஃபைல்கள் மட்டும் இறங்கும். லைசென்ஸ் ஃபைலும் அதில் வந்துவிடும். பிறருக்கு இந்தக் கோடைக் கொடுப்பதாக இருந்தால் அது கூடவே போக வேண்டும். பிறகு ரெபோ ஃபோல்டருக்குள் நுழைந்து ‘கிட் ஸ்பார்ஸ்-செக்கவுட் செட்’ என்று தட்டி, ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். அதற்கப்புறம் ‘கிட் புல்’ கொடுக்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டர் புதுப்பிக்கப்படும்.