மார்கழிக் குளிரில் காளான் குடிலின் வெப்பநிலையைக் காக்கும் முறை

மதுரைப் பக்கம் காளான் வளர்ப்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதியும் குடிலைக் குளிர்விப்பதே வேலையாக இருக்கும். கார்த்திகைப் பாதியிலிருந்து தை முடியும் வரைதான் நிலைமை மாறுகிறது. பகலில் 29, 30 டிகிரி வரை ஏறுகிற வெப்பம் விடியற்காலையில் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. சிறுமலை அடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் இன்னும் சற்றுக் குறையும். சிப்பிக் காளானுக்கு இந்த இறக்கம் நன்மையே. தொல்லையெல்லாம் பால் காளானுக்குத்தான். அருப்புக்கோட்டையின் பெயரால் வந்த ஏ.பி.கே. 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் செழிப்பது; குடிலுக்குள் 25 டிகிரிக்குக் கீழான இரவுகள் தொடர்ந்தால் வித்து (காளானுக்கு விதையாக இடும் பூஞ்சை இழை) பரவுவது மந்தமாகி, மொட்டுகள் கடுகளவிலேயே நின்று பழுப்பேறிக் காய்ந்துவிடும். ஆகவே, வீட்டில் ஓர் அறையை மட்டும் வைத்துச் செய்பவர்கள் இந்தப் பருவத்தில் சிப்பிக் காளானுக்கு மாறிக்கொள்வதே சிக்கனம் என்பது என் கருத்து. வாடிக்கையாளர்களுக்காகப் பால் காளானையே தொடர வேண்டியவர்களுக்கு உரியவை இனி வருபவை.

முதலில் வெப்பமானியை வாசல் சுவரிலிருந்து கழற்றி, படுக்கைகளின் (வைக்கோலும் வித்தும் அடுக்கிய பைகளின்) உயரத்தில், அறையின் நடுவில் தொங்கவிட வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பார்க்கும் அளவே முக்கியம். பத்து மணிக்குப் பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. உறியின் அடியில் தொங்கும் படுக்கை மேலே உள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், புதிய படுக்கைகளை மேலடுக்கிலும், வித்து முழுதும் பரவியவற்றைக் கீழடுக்கிலும் வைப்பது நல்லது. வித்து பரவும்போது படுக்கையே வெப்பத்தை வெளியிடுவதால், வித்து பரவுவதற்குத் தனி அறை இருந்தால், அங்கே படுக்கைகளைச் சற்று நெருக்கியே வைக்கலாம்.

வெப்பத்தை உண்டாக்குவதைவிடப் பகல் வெப்பத்தை இரவுக்குத் தக்கவைப்பது எளிது. கோடையில் கட்டிய ஈரச் சாக்குகளை அவிழ்த்துவிட வேண்டும். அவை இருக்கும்வரை நீர் ஆவியாகி அறையைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். தரை மணலை நண்பகலுக்கு முன் ஒரு முறை நனைத்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இரவில் வெப்பத்தை வேகமாக இழப்பது. அதன் அடியில் தெர்மாகோல் பலகை பொருத்தினாலோ, மேலே தென்னங்கீற்று வேய்ந்தாலோ வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூன்றடி ஆழம் தோண்டி, நீலநிறச் சில்பாலின் என்னும் பிளாஸ்டிக் விரிப்பால் கூரையிட்ட குடில் பால் காளானுக்கு மிகவும் ஏற்றது. பகலில் வெயிலை வாங்கிக்கொள்ளும், சுற்றியுள்ள மண் இரவுக் குளிரைத் தடுக்கும்.

இவ்வளவு செய்தும் போதவில்லையென்றால், வைக்கோல் அவித்த பிறகு மிஞ்சும் வெந்நீரைக் கீழே கொட்டாமல் பயன்படுத்தலாம். இருநூறு லிட்டர் டிரம்மில் 60 டிகிரி வெந்நீரை நிரப்பி, மூடி போட்டு, மாலையில் அறைக்குள் வைத்தால், அது 30 டிகிரிக்கு ஆறும் வரை ஏறத்தாழ ஏழு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை மெதுவாக வெளியிடும். மின் ஹீட்டர் வைப்பவர்கள் தானே அணைந்து எரியும் வகையை வாங்க வேண்டும். அது காற்றை உலர்த்துவதால், ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரியடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக் கூடாது. மூடிய அறையில் அதன் நச்சுவாயு ஆளையே கொன்றுவிடும்.

குளிருக்குப் பயந்து சன்னல்களை நாள் முழுதும் அடைத்துவைப்பதே இந்தப் பருவத்தில் பரவலாகக் காணும் தவறு. கரியமில வாயு தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப் போகும்; அப்படிப்பட்ட காளானைச் சந்தையில் யாரும் கையில் எடுப்பதில்லை. காற்றோட்டம் தேவைதான், ஆனால் அதைப் பகல் பதினொன்று முதல் மூன்று மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். கூரை விரிப்பின் உட்புறத்தில் விடியற்காலையில் கோக்கும் நீர்த்துளிகள் மொட்டுகள்மேல் சொட்டினால் பழுப்புப் புள்ளி நோய் வரும். விரிப்பை ஒரு பக்கம் சரிவாக இழுத்துக் கட்டினால் நீர் ஓரமாக வழிந்துவிடும். தெளிக்கும் நீரும் மாடித் தொட்டியிலிருந்து காலையில் நேராகப் பிடித்ததாக இருக்கக் கூடாது. முதல் நாளே குடத்தில் பிடித்து அறைக்குள் வைத்ததை, வெயில் ஏறிய பிறகு தெளிக்கலாம்.

சிப்பிக்கு மாறியவர்கள் தை கடைசியில் பால் காளான் படுக்கை போடத் தொடங்கலாம். வித்து பரவி, மேல்மண் இட்டு, மொட்டு வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மாசி வெயில் குடிலைச் சூடாக்கியிருக்கும். வித்துக்கு மட்டும் பொங்கலுக்கு முன்பே சொல்லிவைத்துவிட வேண்டும்.