வாஷிங்டனில் மலையாடு வேட்டை பெர்மிட்: விண்ணப்பிப்பது எப்படி, காத்திருக்கும் வருடங்களில் என்ன செய்வது

சியாட்டில் பக்கம் குடியேறி, மலையேறிப் பழகி, அப்படியே வேட்டையிலும் ஆர்வம் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "மலையாடு பெர்மிட் எத்தனை வருஷத்துல கிடைக்கும்?" பெர்மிட் குலுக்கலில்தான் கிடைக்கும் என்பதால் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதல் வருடமே பெர்மிட் விழுந்தவர்கள் உண்டு. வருடம் தவறாமல் போட்டும் கடைசிவரை விழாதவர்களும் உண்டு. ஆனால் விண்ணப்பத்தை எப்படிப் போடுவது, விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் சேரும் புள்ளிகளின் கணக்கு எப்படி நடக்கிறது, காத்திருக்கும்போது எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல முடியும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம் என்பது என் கருத்து.

பெர்மிட் ஏன் இவ்வளவு குறைவு?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

கேஸ்கேட் மலைத்தொடரின் உச்சிப் பாறைகளில் வாழும் இந்த வெள்ளை மலையாடு நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு. இரண்டும் ஒரே துணைக்குடும்பம். வாஷிங்டன் மாநிலத்தில் 1960களின் தொடக்கத்தில் சுமார் 10,000 மலையாடுகள் இருந்ததாக மதிப்பீடு. இன்று 3,000கூட இல்லை. முக்கியமான காரணம் வேட்டைதான். மான் கூட்டத்திலிருந்து வருடா வருடம் இத்தனை எடுக்கலாம் என்று போடுகிற கணக்கையே ஆட்டுக்கும் போட்டார்கள். அது தாங்கவில்லை. மலையாட்டில் பெட்டை முதல் குட்டி போடவே பெரும்பாலும் நான்கைந்து வயதாகிவிடும். அதன்பிறகும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் வழக்கம், அதுவும் எல்லா வருடமும் கிடையாது. குட்டிகளில் பலவற்றைப் பனிச்சரிவும் முதல் குளிர்காலமும் கொண்டுபோய்விடும். அதனால் நன்றாக வளர்ந்த ஒரு பெட்டையைச் சுட்டால், அந்த இழப்பைக் கூட்டம் ஈடுகட்ட வருடங்கள் பிடிக்கும்.

இதனால்தான் மாநில மீன்–வனவிலங்குத் துறை பொதுவாக 100 ஆடுகளாவது இருக்கும் இடங்களில் மட்டும் வேட்டையைத் திறக்கிறது. அங்கேயும் குட்டிகளைக் கழித்துவிட்டு, மீதி எண்ணிக்கையில் 4 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்க்கிறது. பல பகுதிகளுக்கு ஒன்றோ இரண்டோ பெர்மிட்தான். குலுக்கலில் ஒருமுறை விழுந்துவிட்டால் அதே வகை பெர்மிட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. வாழ்நாளில் ஒரு தடவைதான்.

படி 1: பயிற்சி வகுப்பு, அடையாள எண்

1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் வாஷிங்டனில் லைசென்ஸ் வாங்க முடியும். வேறு மாநிலத்தில் முடித்த சான்றிதழும் செல்லும். துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் 'வைல்ட் ஐடி' என்று ஒரு எண் தருவார்கள். உங்கள் புள்ளிகள் எல்லாம் அந்த எண்ணில்தான் சேரும். வீடு மாறினாலும் மின்னஞ்சல் மாறினாலும் புதுக் கணக்கு தொடங்காதீர்கள், பழையதையே திருத்திக்கொள்ளுங்கள். புள்ளிகள் இரண்டு எண்களில் சிதறிப் போனால் அவற்றைச் சேர்க்க அலைய வேண்டியிருக்கும்.

படி 2: விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், மாநிலச் சட்டம் தன் பங்குக்குத் தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். குடியேற்ற விஷயத்தில் நண்பர் சொன்னார், தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் செய்ய வேண்டாம்.

படி 3: விண்ணப்பம்

மலையாட்டுக்கான சிறப்புப் பெர்மிட் விண்ணப்பம் ஏப்ரலில் திறந்து மே மாதம் மூடும். முடிவு ஜூன் வாக்கில் வரும். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும் என்பதால் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலவாசிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவுதான். வெளிமாநிலத்தவர்களுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். மலையாடு லைசென்ஸுக்கான பெரிய தொகையைக் குலுக்கலில் விழுந்த பிறகு கட்டினால் போதும்.

எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். போன வருடம் எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் போட்டார்கள், அவர்களுடைய சராசரிப் புள்ளி எவ்வளவு என்பதைத் துறையே வெளியிடுகிறது. சாலை வசதியுள்ள, பெயர்பெற்ற பகுதிகளில் கூட்டம் அதிகமாக இருக்கும். நடை அதிகமான பகுதிகளில் குறையும்.

இந்த வருடம் போக முடியாது என்று தெரிந்தால், பெர்மிட் கேட்காமல் புள்ளியை மட்டும் வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சை, புதுக் குழந்தை, வேலை மாற்றம் என்று எதிர்பார்க்கும் வருடங்களில் அதைத்தான் செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை விழுவது அந்த வருடம் பார்த்து விழுந்துவிடக் கூடாது.

படி 4: புள்ளிக் கணக்கு

விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி சேரும். குலுக்கலில் அந்தப் புள்ளி வர்க்கமாகிறது. அதாவது 5 புள்ளி இருந்தால் கணினி உங்களுக்கு 25 எண்களைத் தரும், 10 புள்ளிக்கு 100 எண்கள். அவற்றில் மிகச் சிறியதுதான் உங்கள் குலுக்கல் எண். யாருடைய எண் சிறியதோ அவருக்கு முதல் வாய்ப்பு.

கேட்டால் வருடம் போகப் போக உறுதியாகிவிடும் போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதிக்கு ஒரே பெர்மிட். போட்டியில் இருக்கும் எல்லோருடைய எண்களையும் கூட்டினால் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 15 புள்ளி, அதாவது 225 எண்கள். வாய்ப்பு சுமார் 444-இல் ஒன்று. முதல் வருடக்காரருக்கு ஒரு லட்சத்தில் ஒன்று. அவரைவிட நீங்கள் 225 மடங்கு மேலே இருக்கிறீர்கள், அப்படியும் 444-இல் ஒன்றுதான்! அடுத்த வருடம் உங்கள் எண்கள் 256 ஆகும்போது மற்றவர்களுடையதும் ஏறியிருக்கும்.

இதனால் ஒரு வருடமும் விடக் கூடாது. இந்த வருடம் விழும் என்று நம்பி விடுப்பும் எடுத்துவைக்கக் கூடாது. கையில் 20 புள்ளி இருப்பவரும் வரிசையின் முன்னால் நிற்பவர் இல்லை, அவரிடம் சீட்டுகள் அதிகம், அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலங்களில் முறை வேறு. ஐடஹோவிலும் ஆரெகனிலும் மலையாட்டுக்குப் புள்ளியே கிடையாது. முப்பது வருடமாகப் போடுபவரும் இன்று போடுபவரும் ஒன்றுதான். ஐடஹோவில் மூஸ் (பெரிய மான் வகை), பிக்ஹார்ன் காட்டுச் செம்மறி ஆடு, மலையாடு மூன்றில் ஒன்றுக்குத்தான் ஒரு வருடத்தில் போட முடியும். மொன்டானாவில் புள்ளி உண்டு, அங்கேயும் வர்க்கம்தான். புதிதாகத் தொடங்குபவர் வசதி இருந்தால் புள்ளி இல்லாத மாநிலம் ஒன்றிலும் சேர்த்துப் போடுவது நல்லது என்பேன்.

படி 5: கிடாவையும் பெட்டையையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள்

காத்திருக்கும் வருடங்களுக்கான வேலை இதுதான். மலையாட்டில் இரு பாலுக்கும் கொம்பு உண்டு, தாடியும் உண்டு, நிறமும் ஒன்றே. பெட்டையின் கொம்பு கிடாவினுடையதைவிட நீளமாகக்கூட இருக்கும். அதனால் நீளத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. பார்க்க வேண்டியது கொம்பின் அடிப்பகுதி.

ஆடு நேராக உங்களைப் பார்க்கும்போது கொம்பின் அடியையும் கண்ணையும் ஒப்பிடுங்கள். கிடாவின் கொம்படி கண்ணைவிட அகலமாக இருக்கும், இரு கொம்புகளுக்கும் நடுவில் இடைவெளி குறுகலாக இருக்கும். பெட்டைக்கு அடி ஒல்லி, நடுவில் இடைவெளி தாராளம். பக்கவாட்டில் திரும்பும்போது வளைவைப் பாருங்கள்: கிடாவின் கொம்பு அடியிலிருந்தே சீராக வளைந்து போகும், பெட்டையின் கொம்பு நேராக ஏறி, நுனிப் பக்கம் வந்ததும் சட்டென்று பின்னால் மடங்கும்.

அப்புறம் நடத்தை. சிறுநீர் கழிக்கும்போது பெட்டை பின்னங்காலை மடித்துக் குந்தும். கிடா உடலை முன்னால் நீட்டி நிற்கும். வேறு எந்தச் சந்தேகத்தையும் இது தீர்த்துவிடும், பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டும். வயதான கிடாக்கள் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ திரியும். நவம்பரில் இணைசேரும் பருவம் நெருங்கும்போது கிடாக்கள் மண்ணைத் தோண்டி அதில் உட்காரும், அதனால் தொடையும் வயிறும் அழுக்கேறியிருக்கும். குட்டியோடு நிற்பது பெட்டை. அதைப் பார்த்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் குட்டி இல்லை என்பதால் கிடா என்று முடிவு கட்டாதீர்கள்.

படம் பார்த்துப் படித்தால் மட்டும் இது வராது. லெவன்வொர்த் ஊர்ப் பக்கத்தில் உள்ள என்சான்ட்மென்ட்ஸ் மலை ஏரிப் பகுதிக்கு ஒருநாள் நடையாகப் போங்கள். இரவு தங்கத்தான் அங்கேயும் குலுக்கல், பகலில் போய்வரக் குலுக்கல் தேவையில்லை. கோட் ராக்ஸ் காட்டுப் பகுதியிலும் பார்க்கலாம். மலையேற முடியாத குளிர்காலத்தில் செலான் ஏரியின் வடகரைப் பாறைகளைப் படகிலிருந்து பைனாகுலரில் தேடலாம். கண்ணில் படும் ஒவ்வொரு ஆட்டையும் கிடாவா பெட்டையா என்று சொல்லிவிட்டு, ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (பைனாகுலரைவிட நெருக்கிக் காட்டும் தொலைநோக்கி) சரிபாருங்கள். 50 கஜம் தள்ளியே நில்லுங்கள். நடைபாதையோரம் சிறுநீர் கழிக்காதீர்கள். உப்புக்காக ஆடுகள் அங்கே வந்து மனிதர்களோடு பழகிவிடும். 2010-இல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஒருவர் கிடா குத்தி இறந்திருக்கிறார்.

படி 6: பெர்மிட் விழுந்துவிட்டால்

லைசென்ஸ் வாங்குங்கள், பகுதிக்குப் பொறுப்பான உயிரியலாளரை அழைத்துப் பேசுங்கள், கோடையிலேயே இடத்தைப் போய்ப் பாருங்கள். செப்டம்பரில் ஏறுவது எளிது, ஆனால் ரோமம் குட்டையாக இருக்கும். நவம்பரில் ரோமம் நீண்டு அடர்ந்திருக்கும், பாறையில் பனிக்கட்டியும் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அக்டோபர் முற்பாதியைச் சொல்வேன்.

கிடா என்று உறுதியான பிறகும் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அடிபட்ட ஆடு கடைசி வலுவில் விளிம்பை நோக்கி நகரும். கீழே விழுந்தால் கொம்பு உடையும், இறைச்சி சிதையும், சில சமயம் எடுக்கவே முடியாது. நீங்கள் நடந்து போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு அது வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். வளர்ந்த கிடா 90 கிலோவைத் தாண்டும், அதனால் சுமக்க இன்னொருவராவது கூட வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். சீசன் முடிந்ததும் ஆடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேட்டை அறிக்கையை அனுப்புங்கள். கிடைத்திருந்தால் கொம்பின் வளையங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் ஆட்டின் வயது தெரியும்.