துவக்குச் சுடப் பழக முன் காதை மூடப் பழகுங்கள்: தொடக்கக்காரருக்கான செய்முறை

பாடசாலை ரைபிள் அணியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கும், கிளப்பில் முதல்முறையாகத் துவக்கைக் கையில் எடுக்கப்போகும் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை மெதுவாக அழுத்துவது எல்லாவற்றையும் பயிற்றுநர் பொறுமையாகச் சொல்லித் தருவார். காதை எப்படி மூடுவது என்பதை மட்டும் அநேகமாக யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஒரு சோடி இயர் பிளக்கைக் கையில் தந்து “காதுக்குள்ள போடுங்க” என்பதோடு முடிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இன்று என் இடது காதுக்குச் சிள்வண்டுச் சத்தம் கேட்பதில்லை.

ரைபிள் அணியில் சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. துவக்குச் சத்தம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வரும் நினைவுகள் வேறு. போரில் ஷெல் விழுந்த நாளிலிருந்து காதுக்குள் இரைச்சலோடு வாழ்கிறவர்களை நம் குடும்பங்களிலேயே பார்க்கலாம். அவர்களுக்குக் காதை மூட அவகாசம் கிடைக்கவில்லை. விளையாட்டுக்காகச் சுடப் போகிற நமக்கு அந்த அவகாசம் இருக்கிறது.

முதலில், காதுக்குள் என்ன நடக்கிறது

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். ஒலி அலை வரும்போது கலங்களின் நுனியில் உள்ள மெல்லிய இழைகள் வளைந்து, நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. புயல் அடித்த வயல் போல அவை சாய்ந்தாலோ முறிந்தாலோ கலம் இறந்துவிடும். பறவைகளுக்கு அந்தக் கலங்கள் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதில் உள்ள சின்னத் தசை இறுகி ஒலியைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது இறுகச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். துவக்கு வெடியின் உச்சம் ஆயிரத்தில் சில பங்கு செக்கனில் வந்து போய்விடும். கதவைச் சாத்த எழும்புவதற்குள் கள்ளன் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

இப்போது எண்களைப் பார்ப்போம். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். அந்தக் கணக்கு நேராக ஏறுவதல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. தொழிற்சாலைகளில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வெடிபோல் திடீரென்று வரும் சத்தத்துக்கு நேரக்கணக்கே இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதன் உச்சத்துக்கு வைத்த எல்லை பெரியவர்களுக்கு 140 டெசிபல், பிள்ளைகளுக்கு 120. பொயின்ட் டூ-டூ (.22) என்னும் சின்னத் தோட்டா ரைபிளே 140ஐ ஒட்டி நிற்கும். 9 மில்லிமீட்டர் பிஸ்டல், பன்னிரண்டு போர் (12-bore) ஷொட்கன் துவக்கு, பெரிய ரைபிள் எல்லாம் 150 முதல் 165 வரை போகும். அதாவது, மூடாத காதுக்கு ஒரே ஒரு வெடி போதும்.

வலித்தால் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வலி இல்லாமலே சேதம் நடக்கும். ஒலியின் சுருதியை அளக்கும் அலகு ஹேர்ட்ஸ். முதலில் போவது 4,000 ஹேர்ட்ஸைச் சுற்றிய உயர்ந்த ஒலிகள். பேச்சின் கனம் தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால் ஆள் பேசுவது கேட்கும். ஆனால் ச, ஸ, ஃப போன்ற எழுத்துகள் தேய்ந்துவிடும். கலியாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசும்போது எல்லோரும் முணுமுணுப்பது போல் இருக்கும். பிள்ளை “பசிக்குது” என்றதா “படிக்கிறேன்” என்றதா என்று திரும்பக் கேட்க வேண்டி வரும்.

படி 1: எதைப் போடுவது

மூன்று வகையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பொஞ் போன்ற இயர் பிளக், காதை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப், மைக் பொருத்திய எலெக்ட்ரோனிக் மஃப். கடைசி வகை பேச்சைக் கேட்கவிட்டு, சுமார் 85 டெசிபலைத் தாண்டும் சத்தத்தை வெட்டிவிடும். பயிற்றுநரின் கட்டளை கேட்கும் என்பதால் பழகுகிறவர்களுக்கு அது மிக நல்லது. விலைதான் கூட.

மருந்துக்கடைப் பஞ்சு, கிழித்த துணி, விரல், பாட்டுக் கேட்கும் இயர்போன் எதுவும் கணக்கில் இல்லை. பஞ்சு வைத்துச் சுட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடியிருக்கிறோம் என்ற நம்பிக்கையை மட்டும்தான் பஞ்சு தருகிறது.

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கட்டட வேலைப் பாதுகாப்புப் பொருட்களோடு இவற்றையும் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது பெட்டியில் என்ஆர்ஆர் (NRR) அல்லது எஸ்என்ஆர் (SNR) என்று, எத்தனை டெசிபல் குறைக்கும் எனச் சொல்லும் ஓர் எண்ணும், இஎன் 352 போன்ற தரக் குறியும் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத பொருளைத் தொடாதீர்கள். ஸ்பொஞ் பிளக்குக்கு என்ஆர்ஆர் அதிகபட்சம் 33 வரை வரும்.

அந்த எண் ஆய்வுகூடத்தில் தேர்ந்தவர்கள் சரியாகச் செருகி எடுத்தது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்புத் துறையில் ஒரு கடுமையான கணக்குப் போடுவார்கள்: எண்ணிலிருந்து 7ஐக் கழித்து, மீதியில் பாதியை மட்டும் நம்பு. 33 அப்போது 13 ஆகிவிடும். ஏன் இவ்வளவு அவநம்பிக்கை? பெரும்பாலானோர் பிளக்கைச் சரியாகச் செருகுவதில்லை. அதனால்தான் அடுத்த படியை நீட்டி எழுதுகிறேன்.

படி 2: ஸ்பொஞ் பிளக்கைச் செருகும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அழுக்குக் கை பட்ட பிளக் காதுக்குள் போனால் புண் வர அதிக நாள் எடுக்காது.

பிளக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். பிசையக் கூடாது, உருட்ட வேண்டும். விளக்குத் திரி போல மெல்லியதாக, மடிப்பு விழாமல் வர வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு வழியாகவே சத்தம் உள்ளே போகும்.

வலது காதுக்கு என்றால், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதின் மேல்மடலைப் பிடித்து, மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். காதுக் குழாய் நேர்க்கோடு அல்ல, வளைந்தது. இழுத்தால்தான் நிமிரும். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். இழுத்தபடியே, உருட்டிய பிளக்கை உடனே உள்ளே தள்ளுங்கள். சுணங்கினால் வெளியிலேயே விரிந்துவிடும்.

தள்ளியதும் விரலை எடுக்காதீர்கள். விரல் நுனியால் பிடித்தபடி முப்பது வரை எண்ணுங்கள். ஸ்பொஞ் மெல்ல விரிந்து குழாயை அடைக்கும்போது, வெளிச்சத்தம் படிப்படியாகத் தூரப் போவது உங்களுக்கே தெரியும்.

இப்போது சோதனை. கண்ணாடியை நேராகப் பாருங்கள். பிளக் காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது உள்ளே போகவில்லை. வாய்விட்டு ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல, இரு காதிலும் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பது போலக் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கடைசியாக, தொடர்ந்து சத்தம் வரும் இடத்தில் நின்று இரு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் பிளக் சரியாக இருக்கிறது.

இந்தச் சோதனையை வீட்டிலேயே பழகலாம். வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காலி வீதியோரம் நின்றுதான் சொல்லிக் கொடுத்தேன். முதல்தடவை, “அண்ணா, சத்தம் குறைஞ்ச மாதிரியே இல்லை” என்றான். காது மடலை இழுக்காமல் செருகியிருந்தான். நாலாவது தடவை 100ஆம் இலக்கப் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றுதான் அவனுக்குச் சரியாக வந்தது.

நன்றாகச் செருகிய பிளக் 30 டெசிபலுக்குக் கிட்டக் குறைக்கும், அரைகுறையாகச் செருகியது 10ஐத் தாண்டாது. 160 டெசிபல் பிஸ்டல் வெடி முதலாமவருக்கு 130. இரண்டாமவருக்கு 150. ஒரே பெட்டியில் வாங்கிய ஒரே பிளக்.

கழற்றும்போது திருகி மெதுவாக எடுங்கள். சடக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

படி 3: மஃப் போடும் முறை

மஃப் போடுவது எளிது, கெடுவதும் எளிது. மெத்தை தோலோடு சுற்றிவர ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் தலைமுடி, தொப்பி விளிம்பு, கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, தலைத்துணியின் மடிப்பு எது வந்தாலும் இடைவெளி விழும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போட வேண்டியது, ஆகவே மெல்லிய காம்பு உள்ளதாகப் பாருங்கள். தோட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தலைத்துணி அணியும் தங்கச்சிமார் மஃபை உள்ளே போட்டு, அதன்மேல் துணியைச் சுற்றலாம்.

ரைபிளில் கன்னத்தைப் பதிக்கும்போது தடித்த மஃப் கட்டையில் இடித்துக் கிளம்பிவிடும், சுடுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. ரைபிளுக்கு மெல்லிய மஃப் எடுங்கள், அல்லது பிளக்கை முதன்மையாக நம்புங்கள். வியர்வையில் மெத்தை விறைத்து வெடிப்பு விட்டால் மாற்றிவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் காதுக் குழாய் ஒடுக்கமானது, ஸ்பொஞ் பிளக் பெரும்பாலும் இறுகாது. அவர்களுக்கு அளவான மஃப்தான் நல்லது.

படி 4: இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்

பிளக்கின் மேல் மஃப். பிளக்கின் 33உம் மஃபின் 25உம் சேர்ந்து 58 ஆகாது. இரண்டில் பெரிய எண்ணுக்கு மேல் ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும், ஏனென்றால் ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. ஆனால் எனக்கு அந்த ஐந்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒன்று நழுவினாலும் மற்றது இருக்கும். கூரையும் கொங்கிறீற் சுவரும் உள்ள இடத்தில் வெடிச்சத்தம் மோதித் திரும்பி வரும். அங்கே இரண்டும் இல்லாமல் நான் நிற்பதில்லை. பிஸ்டலுக்கும் அப்படியே.

10 மீட்டர் எயார் ரைபிளின் சத்தம் மிகக் குறைவு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டது இந்தப் போட்டியில்தான், நம் பாடசாலைப் பிள்ளைகள் பலர் தொடங்குவதும் இதில்தான். அதிலேயே காதை மூடிப் பழகிவிட்டால் பொயின்ட் டூ-டூவுக்குப் போகும்போது கை தானாகப் பிளக்கைத் தேடும்.

படி 5: சுடுதளத்தில்

சுடும் கோட்டுக்குப் போவதற்கு முன்பே, வெளியில் நின்று போடுங்கள். உங்கள் முறை முடிந்தாலும் கழற்றாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் இன்னும் சுடுகிறார்.

என் கதை இங்கேதான். கூரை போட்ட ஒரு தளத்தில், சொன்னது விளங்கவில்லை என்று இடது பக்க மஃபை இரண்டு விரலால் தூக்கினேன். உள்ளே பிளக் இல்லை. அந்த நொடியில் பக்கத்து வரிசையில் ஒரு வெடி. இரண்டு நாள் காதுக்குள் ஒரே விசில். மூன்றாம் நாள் அது அடங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் காட்டவில்லை. பல வருடம் கழித்து எடுத்த ஓடியோகிராமில் (கேட்கும் திறனைச் சோதித்து வரையும் கோட்டுப் படம்) இடது காதின் கோடு 4,000 ஹேர்ட்ஸில் குழிபோல் இறங்கியிருந்தது. வலது தோளில் ரைபிளை வைப்பவர்களுக்கு இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்ட இருக்கும், வலது காதைத் தலையே கொஞ்சம் மறைக்கும். ஆகவே பழுது அந்த ஒரு நாளால் மட்டும் வந்ததா, சிறிது சிறிதாகச் சேர்ந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் சுடத் தொடங்கும் முன் பயிற்றுநரோடு கைச் சைகைகளைப் பேசி வையுங்கள்: நிறுத்து, கேட்கவில்லை, கிட்ட வாருங்கள். கேட்கவில்லை என்றால் துவக்கைக் குறித்திசையிலேயே வைத்துவிட்டுக் கையை உயர்த்துங்கள். எல்லாத் துவக்கும் வெறுமையாக்கப்பட்டது என்று பொறுப்பாளர் அறிவித்து, நீங்கள் கோட்டை விட்டுப் பின்னே வந்த பிறகே காதைத் திறக்கலாம். பார்க்க வந்த அம்மா, அப்பா, தம்பிமாருக்கும் இதே விதி. கைபேசிச் செயலியில் டெசிபல் பார்த்து “பிரச்சினை இல்லை” என்று முடிவெடுக்க வேண்டாம். அந்த மைக் வெடியின் உச்சத்தைப் பிடிக்காது.

படி 6: காது இரைந்தால்

சுட்டபின் காதுக்குள் விசில், பஞ்சு அடைத்தது போன்ற மந்தம், ஒரு காது மட்டும் குறைவாகக் கேட்பது, தலைச்சுற்று. இதில் எது வந்தாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். அன்றிரவு சத்தமான இடத்துக்கும் இயர்போனுக்கும் போகாதீர்கள். ஒரு நாளில் அடங்கவில்லை என்றால், அல்லது கேட்பது சட்டென்று விழுந்துவிட்டது என்றால், உடனே இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) டொக்டரைப் பாருங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. திடீர்க் கேட்டல் இழப்புக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பதென்றால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கூட. நான் செய்த தவறு இதுதான், காத்திருந்தது.

உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட வேண்டாம். அம்மம்மாவின் அன்பு எனக்கும் தெரியும். ஆனால் செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும்.

படி 7: சுடத் தொடங்குமுன் ஒரு ஓடியோகிராம்

எனக்கு இல்லாமல் போனது இது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஓடியோலொஜிஸ்ட் உங்களை ஒரு சத்தமில்லாத அறையில் இருத்தி, 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளைத் தருவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், வலி எதுவும் இல்லை. முதல்நாள் இரவு கச்சேரி, வெடி, சத்தமான வேலை எதுவும் வேண்டாம், காது களைத்திருந்தால் முடிவு பிழைக்கும். இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோடு வரைந்த தாள் ஒன்று தருவார்கள். அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள், தாளைப் பிறப்புச் சான்றிதழோடு கோப்பில் வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 3,000 முதல் 6,000 வரை உள்ள இடத்தை மட்டும் பாருங்கள். அங்கே கோடு இறங்கத் தொடங்கியிருந்தால், சுடுவதை நிறுத்திவைத்து டொக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் படி 2க்குத் திரும்பி வந்து, கண்ணாடி முன்னால் நின்று முதலிலிருந்து செருகிப் பாருங்கள்.