நீராவிக் காரில் தீ மூட்டும் முன்

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் கொட்டகையில் நிற்கும் ஸ்டான்லி நீராவிக் காரைப் பார்க்க வருபவர்கள், கொதிகலன் வெடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். நான் அஞ்சுவது அதன் அடியிலுள்ள எரிகலனுக்கு.

ஆவியாக்கும் குழாய் நன்றாகச் சூடேறுமுன் பெரிய தீயைத் திறந்துவிட்டால், எரிபொருள் ஆவியாகாமல் திரவமாகவே கொட்டித் தேங்கும். அதில் தீ பட்டால் காரே சுவாலைக்குள் போய்விடும். முன்தீ, அதாவது பெரிய தீயைப் பற்றவைக்கும் சிறு சுடர், அணைந்துவிட்டதா? உடனே தீக்குச்சியைக் கிழிக்காதீர்கள். வால்வை மூடி, தேங்கியதைத் துடைத்து, வாடை முற்றிலும் போகும்வரை காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மழைக்குப் பயந்து கதவடைத்த கொட்டகையில் அது தரையோடு தங்கிவிடும். அதனால் எவ்வளவு அவசரமானாலும் நான் வெளியே தள்ளி நிறுத்தி, காய்ந்த மட்டைகளுக்கு எட்டத்தில்தான் மூட்டுகிறேன்.

எரிகலன் ஊளையிட்டால், எரிபொருள் ஆவியும் காற்றும் கலக்கும் கலவைக் குழாய்க்குள் தீ திரும்பிவிட்டது என்று பொருள். எரிபொருளை நிறுத்தி, ஆறவிட்டு மூட்டுங்கள்.

உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளி வேண்டவே வேண்டாம். எரியும் எண்ணெய் நீரின்மேல் மிதந்து பரவும்.

நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரியவில்லையென்றால் முதலில் தீயை அணையுங்கள். காய்ந்து சிவந்த கொதிகலனுக்குள் குளிர்ந்த நீரை ஏற்றாதீர்கள்.