செட்டிநாட்டு மாஸ்டர் ஆக எத்தனை வருஷம்? கணக்கு தப்பும் இடங்கள்

காரைக்குடிப் பக்கம் சமையல் பழக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, மாதத்தை எண்ணுவது. கல்யாணச் சமையல் கோஷ்டியில் முகூர்த்தம் இருந்தால்தான் அடுப்பு எரியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. 2 வருஷம் கோஷ்டியில் இருந்தேன் என்பதில் அடுப்படியில் நின்ற நாள் எவ்வளவு என்று பாருங்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கல்யாணப் பந்தி சைவம் என்பதும் ஒரு கணக்கு. வெண்டைக்காய் மண்டியும் பால் பணியாரமும் கை வரும், உப்புக்கறி மாதிரி ஆட்டுக்கறிச் சமையல் வராது. அதற்கு மெஸ்ஸிலோ ஹோட்டலிலோ தனியாக நிற்க வேண்டும்.

சான்றிதழை நம்பி நாள் குறிப்பது அடுத்தது. ஐ.டி.ஐ.யில் உணவு தயாரிப்புப் பிரிவு 1 வருஷம், ஹோட்டல் மேலாண்மைப் பட்டம் 3 வருஷம். எதை முடித்தாலும் பெரிய ஹோட்டலில் பெரும்பாலும் கடைசிப் படியான கமியாகத்தான் (commis, உதவிச் சமையல்காரர்) நுழைய முடியும். ஒரு செக்‌ஷனைத் தனியாக நடத்த அதன்பின் நாலைந்து வருஷம் ஆவது சாதாரணம்.

அளவில் வழுக்குகிறவர்கள்தான் அதிகம். வெள்ளைப் பணியாரத்துக்குத் தலைதட்டிய ஒரு டம்ளர் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. 2 மணி நேரம் ஊறியதும் நைசாக ஆட்டி, புளிக்கவிடாமல் சுட வேண்டும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். 4 பேர் குழம்பை 100 பேருக்கு அப்படியே 25ஆல் பெருக்குவதும் ஆகாது. கொள்ளளவு கூடுகிற அளவுக்கு அண்டாவின் வாய் அகலாது. தண்ணீர் மெதுவாகத்தான் சுண்டும். சுண்டட்டும் என்று காத்திருந்தால் காய் குழைந்துவிடும். தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். உப்பும் மிளகாயும் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். அண்டாச் சூட்டிலேயே மீதி வேலை நடக்கும் என்பதால் காய் முழுக்க வேகுமுன் இறக்கிவிடலாம்.

காரத்தை ஏற்றினால் செட்டிநாடு ஆகிவிடும் என்பது வெளியூர் ஹோட்டல்கள் கிளப்பிய நினைப்பு. சோம்பு, மிளகு, கல்பாசியின் வாசனைதான் முக்கியம். கல்பாசியில் மரப்பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும், ஆய்ந்து போட வேண்டும், கருகினால் கசக்கும்.

ஆறு மாதம் வெங்காயம் உரிப்பதிலும் நறுக்குவதிலும் போனால் குறையில்லை. ஒரு வருஷம் ஆகியும் கரண்டி கைக்கு வரவில்லையா, மாஸ்டரிடம் கேளுங்கள். தராவிட்டால் இடம் மாறலாம். ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று தை, வைகாசி மாத முகூர்த்தங்கள் நடக்கும்போது மட்டும் மாறாதீர்கள். பெரிய அண்டாவில் கை வைக்க விடுவது ஆள் பற்றாத அந்த நாட்களில்தான்.