கொடநாடு காட்சிமுனைக்கு பஸ்ஸிலேயே போய், கொஞ்சம் நடந்து, இரவுக்குள் வீடு திரும்புவது எப்படி?

கொடநாடு காட்சிமுனையைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் எழுதியது. கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ., வழியெல்லாம் டீத்தோட்டம், போனோம், படம் எடுத்தோம், வந்தோம், அவ்வளவுதான். எந்த பஸ், எங்கே ஏறுவது, திரும்பி வர வண்டி உண்டா என்று கேட்கிறவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. அதனால் நான் போய்வரும் முறையை அப்படியே எழுதிவைக்கிறேன். கோவை, மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கான கணக்கு இது. சென்னைக்காரர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி அங்கிருந்து சேர்ந்துகொள்ளலாம்.

அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நீலகிரி மலை கிழக்கே சட்டென்று முடிந்து கீழே விழுகிற விளிம்பு அது. ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் புதர்க்காட்டுக்கு நடுவே மாயாறு வளைந்து வளைந்து போவது தெரியும். ஊட்டிப் பக்கம் பைக்காரா என்று படகு விடுகிறார்களே, அந்த ஆறுதான் மலையைச் சுற்றி இறங்கி இங்கே மாயாறாக ஓடுகிறது. அப்புறம் பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்ந்துவிடுகிறது. அந்த நீர்ப்பரப்பும் இங்கிருந்து தெரியும். ரங்கசாமி மலையும் அதன் அருகே தூண் மாதிரி நிற்கும் பாறையும் தெரியும். காட்டுக்கு நடுவில் பச்சைத் துண்டாகத் தெங்குமரஹாடா கிராமத்து வயல்கள் தெரியும். காற்று தெளிவாக இருந்தால்தான் இதெல்லாம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை என் விருப்பம். கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூலையில் கொட்டுகிற மழை இங்கே அந்த அளவுக்கு வராது. இங்கே பெரிய மழை அக்டோபர், நவம்பரில். அப்போது மண்சரிவு ஏற்பட்டு ரோடே மூடிவிடுவதுண்டு, 2009 நவம்பரில் நடந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக அந்த இரண்டு மாதமும் வேண்டாம்.

மே மாதமும் வேண்டாம் என்பேன். மழைக்காக அல்ல, நெரிசலுக்காக. கோடை சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். மாலையில் நீங்கள் இறங்கும் நேரமும் அதுதான்.

இன்னொன்று, கிளம்புவதற்கு முந்தைய நாள் பேப்பரில் பவானிசாகர் நீர்மட்டத்தைப் பாருங்கள். முழு அளவு 105 அடி. நூறை ஒட்டி இருந்தால் மேலிருந்து பார்க்க நீர்ப்பரப்பு அகலமாக இருக்கும். ரொம்பக் குறைந்திருந்தால் சேறும் மணலும்தான் அதிகம் தெரியும். இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் போதும்.

2. கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

எல்லோரும் "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பஸ்ஸில் போகிற பயணத்துக்கு அது தலைகீழ். முதலில் தெரிய வேண்டியது கொடநாட்டிலிருந்து கோத்தகிரிக்குத் திரும்பும் கடைசி பஸ் எது என்பது. அதற்கு முந்தைய பஸ் எது என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் நான் எப்போதும் கடைசிக்கு முந்தைய வண்டியைத்தான் என் வண்டியாக வைத்துக்கொள்வேன். கடைசி வண்டி வராமல் போனால் அந்த ரோட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இருட்டிய பிறகு கரடியும் காட்டுமாடும் நடமாடுகிற ரோடு அது, ஆட்டோவைக் கூப்பிட்டால் வருமா என்பதும் சிக்னலைப் பொறுத்தது. மாலை ஐந்து மணிக்குள் நடையை முடித்து, ஆள் நடமாட்டமுள்ள ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

3. மேட்டுப்பாளையம் வரை

இது சுலபம். கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு புதிய பஸ் நிலையத்துக்குப் போங்கள், விடிகாலையிலேயே வண்டி உண்டு. காந்திபுரத்தில் போய் நிற்காதீர்கள். கோவை–மேட்டுப்பாளையம் ரயில் எனக்குப் பிடித்தமானதுதான், ஆனால் இந்தப் பயணத்தின் காலை நேரத்துக்கு அது ஒத்துவராது. திரும்பும்போது நேரம் அமைந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிடுங்கள். மலைப்பாதையில் குமட்டல் வருகிறவர்கள் மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு ஜன்னலோரமாக, முன்பக்கமாக உட்காருங்கள். பின்சீட்டு ஆகவே ஆகாது.

4. மலை ஏறுவது

மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சுமார் 33 கி.மீ. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் "கோத்தகிரி" என்று இருக்கிறதா பாருங்கள். ஊட்டி வண்டிகளில் பல குன்னூர் வழியாகப் போய்விடும், கோத்தகிரி வழி ஊட்டி வண்டியும் உண்டு, ஏறும் முன் "கோத்தகிரி போகுமா" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்ததே என்று கவலைப்பட வேண்டாம். அது கார், வேன், பைக்கில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் பிளாஸ்டிக் சோதனை எல்லோருக்கும் உண்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் தடைப் பட்டியலில்தான் வருகிறது. எவர்சில்வர் பாட்டில் ஒன்று, ஒரு லிட்டருக்குக் குறையாமல், வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது.

குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கு வரும். வண்டி நின்றால் ஜன்னல் வழியாகப் பாருங்கள், இறங்கி செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் சேராதீர்கள்.

5. கோத்தகிரி பஸ் நிலையம்: இங்கேதான் எல்லாம் குழம்பும்

இந்த ஒரு படிக்காகத்தான் முழுப் பதிவும் என்று சொல்லலாம். கோத்தகிரியில் இறங்கியதும் "கொடநாடு" என்று போர்டு போட்ட வண்டியைப் பார்த்து ஓடிப்போய் ஏறிவிடத் தோன்றும். ஏறாதீர்கள். கொடநாடு என்பது ஒரு ஊர், ஒரு எஸ்டேட், ஒரு காட்சிமுனை, மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். போர்டில் கொடநாடு என்று இருந்தாலே வண்டி காட்சிமுனை வாசல் வரை போகும் என்று வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நடை முனை வரை போகும், இன்னொரு நடை முன்னாலேயே திரும்பிவிடும். அதைச் சொல்ல வேண்டியவர் போர்டு எழுதியவர் அல்ல, டைம் கீப்பர்.

டைம் கீப்பர் அறை எங்கே என்று கேட்டுப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். வியூ பாயிண்ட் வரை போகிற அடுத்த வண்டி எத்தனை மணிக்கு? அங்கிருந்து மதியத்துக்கு மேல் திரும்பும் வண்டிகள் எத்தனை மணிக்கு? கடைசி வண்டி எது? "காட்சிமுனை" என்று கேட்டால் புரியாது என்றில்லை, ஆனால் பேச்சில் எல்லோரும் வியூ பாயிண்ட் என்பதால் அப்படியே கேட்டுவிடுங்கள். பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், காகிதத்தில். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், அந்த நேரத்தில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். டிக்கெட் கொடுக்கும்போது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். வண்டி எங்கேயாவது முன்னாலேயே திரும்பினால் "எங்கே இறங்கினால் நடக்கிற தூரம்" என்பதையும் கேளுங்கள். வழக்கமாக அந்த ரோட்டில் ஓடுகிற கண்டக்டருக்கு எந்த மரத்தடியில் வண்டியை எத்தனை மணிக்குக் கைகாட்டினால் நிற்கும் என்பது வரை தெரியும். கூகுள் மேப்புக்கு இது எதுவும் தெரியாது. அதில் காட்டுகிற மலை பஸ் நேரத்தை நம்பி ஒரு காபி குடிக்கக்கூட நான் உட்கார மாட்டேன். ரோட்டையும் தூரத்தையும் பார்க்க மட்டும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப் வைத்திருக்கிறேன், நீலகிரி வரைபடத்தை முன்பே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: கட்டணமில்லாப் பயணத் திட்டம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தாது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. முதலில் முனை, பிறகு நடை

நடைப்பயணம் என்றால் நடந்துபோய் முனையைப் பார்த்து பஸ்ஸில் திரும்புவதுதான் முறை என்று நினைப்பீர்கள். நான் இதை மாற்றிச் செய்வேன். பஸ்ஸில் நேராகக் கடைசிவரை போய்விட்டு, பார்த்து முடித்து, வந்த ரோட்டிலேயே கோத்தகிரி திசையில் நடந்து திரும்புங்கள்.

காரணம் இரண்டு. காலையில் கீழே பள்ளத்தாக்கு திறந்திருக்கும். வெயில் ஏற ஏற சமவெளியின் சூடான காற்று சரிவில் மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும், பதினொரு மணிக்குப் பிறகு வந்தவர்கள் வெள்ளைத்துணியைப் பார்த்துவிட்டுப் போவது சாதாரணம். கிழக்கு நோக்கிய இடம் என்பதால் காலை வெளிச்சம் எதிரே வரும், போட்டோ பிரமாதமாக வராது. பரவாயில்லை, ஆறு கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மூடுபனி இருந்தாலும் உடனே கிளம்பாதீர்கள், அரை மணி காத்திருந்தால் விலகுவதும் உண்டு.

இரண்டாவது காரணம் பஸ். பின்னாலிருந்து வருகிற திரும்பும் வண்டி உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கால் வலித்தால், மழை பிடித்தால், அடுத்த நிறுத்தத்தில் நின்று கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். நடந்தே காட்சிமுனைக்குப் போகிற திட்டத்தில் இந்த வசதி கிடையாது, தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மேகமும் வந்திருக்கும், வண்டியும் போயிருக்கும்.

முனையில் கோபுரம் இருக்கிறது, கம்பி வேலி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், கேமராவை விட இங்கே அதுதான் உபயோகம். ஆற்றங்கரையில் யானைக்கூட்டம் புள்ளிகளாகத் தெரிந்தாலும் தெரியலாம். பெரிய இறக்கையோடு வட்டமிடுவதெல்லாம் பருந்து என்று விட்டுவிடாதீர்கள், தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டி மிஞ்சியிருக்கிற முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

7. நடை

முதல் முறை என்றால் ஆறு, ஏழு கி.மீ. போதும். ஏற்றமும் இறக்கமுமாகப் போகும் தார் ரோடு, டீத்தோட்டம், நடுநடுவே சோலைக்காட்டுத் துண்டு. பழகியவர்கள் கோத்தகிரி போகும் வழியில் இருக்கும் ஈளாடா ஊர் வரைகூட நடக்கலாம். ட்ரெக்கிங் ஷூ தேவையில்லை, வழுக்காத சாதாரண ஷூ போதும். ரெயின்கோட்டை விடக் குடை மேல், வெயிலுக்கும் ஆகும்.

டீத்தோட்டத்துக்குள் குறுக்குப் பாதை அழைக்கும். அவை தனியார் எஸ்டேட், காட்டுமாடு புதருக்குள் படுத்திருப்பதும் அங்கேதான். ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மாடு ரோட்டில் நின்றால் அது போகும்வரை தூரத்திலேயே நில்லுங்கள், குட்டி இருந்தால் இன்னும் தூரமாக. காட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்றால் அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018-இல் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு அந்த விதிகள் கறாராகிவிட்டன. 2024-இல் ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பணம் கட்டி வழிகாட்டியோடு போகலாம், கோத்தகிரியிலேயே லாங்வுட் சோலை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதமும் ஊறுகாயும் குரங்குக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டும், அதாவது முனையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கக் கூடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் எழுதியதில் சில விஷயங்கள் நான் சொல்லாமல் விட்டவை.

பள்ளி விடுகிற நேரத்து வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, வழியில் ஏறினால் நிற்கக்கூட இடுக்கித்தான் நிற்க வேண்டும் என்றார் ஒருவர். உண்மைதான். மூன்று மணிக்கு முந்தைய வண்டி அமைந்தால் அதைப் பிடியுங்கள். பெரியவர்களோடு போனால் நடையைச் சுருக்கிக்கொண்டு முனையிலேயே ஏறிவிடுங்கள்.

கழிவறை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கோத்தகிரி பஸ் நிலையத்தில் போய்விட்டே கொடநாடு வண்டி ஏறுங்கள், நடக்கிற வழியில் எதையும் நம்ப வேண்டாம்.

மேப்பில் தெங்குமரஹாடா பக்கத்தில்தானே தெரிகிறது, காட்சிமுனையிலிருந்து அப்படியே இறங்கி ஆற்றில் குளித்துவிட்டு வரலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. அந்த ஊர் நீலகிரி மாவட்டம்தான், ஆனால் போக வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கி பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் சுற்றிப்போய் மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும், புலிகள் காப்பகம் என்பதால் வெளியாட்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. அது தனிப் பயணம், அனுமதி வாங்கிப் போய்வந்த யாராவது எழுதட்டும்.